குழலும் சுழலும்

திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தைப் படிக்கத் தொடங்கும் பள்ளிப் பிள்ளைகள் அதன் இரண்டாம் குறளில் ‘துப்பாக்கி’ என்னும் உருவத்தைக் கண்டு திகைப்பதும், ஆசிரியர் புன்னகையோடு அதைத் துப்பு என்றும் ஆக்கி என்றும் பிரித்து, உணவை உண்டாக்குகிற மழையைப் பற்றிய பேச்சு அது என்று தெளிவிப்பதும் நம் நாட்டில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் காரியம். துப்பு என்பதற்கு வலிமை என்ற பொருளும் உண்டாகையால், வலிமையை ஆக்குவது துப்பாக்கி என்று படைக்கலத்தின் பெயரையும் தமிழாகவே கொள்ள விரும்புவோர் இருக்கிறார்கள். இளமையில் நானும் அவ்வாறு விரும்பியவனே. ஆனால் ஒலி ஒத்திருப்பதனால் மட்டும் உறவு ஏற்பட்டுவிடாது. இச்சொல் நம்மிடம் வந்து சேர்ந்த வழி வேறு, அது மிக நீண்ட வழி.

துருக்கி மொழியில் ‘துஃபெக்’ என்றும், பாரசீகத்தில் ‘துஃபங்’ என்றும் வழங்கிய சொல், 1526இல் பானிபட்டுக்குப் படை நடத்திவந்த பாபரின் நினைவுக் குறிப்புகளில் காணப்படுவது. தெலுங்கில் ‘துபாகி’ எனத் திரிந்து வழங்குவது. அதுவே தமிழில் வல்லொற்று மிகுந்து துப்பாக்கி ஆயிற்று. அதன் மூலத்தைத் தேடிச் சென்றால் வெடிமருந்தே இல்லாத ஒரு காலத்தில் போய் நிற்கிறோம். பதினோராம் நூற்றாண்டில் துருக்கியச் சொற்களைத் திரட்டி அகராதி செய்த மஹ்மூத் காஷ்கரி, சிட்டுக்குருவி அடிப்பதற்கு வாயால் ஊதி உருண்டை எறியும் குழலுக்கு வழங்கிய பெயராக இச்சொல்லின் பழைய வடிவத்தைப் பதிவு செய்திருக்கிறார். படைகளை வீழ்த்திய கருவியின் பெயர், குருவி அடிக்கும் சிறுவனின் கையிலிருந்து பிறந்தது!

பிஸ்டல் என்ற பெயரின் கதையும் இதற்குத் தொலைவானதன்று. செக் மொழியில் குழலையும் ஊதுகுழலையும் குறிக்கும் ‘பிஷ்டாலா’ என்ற சொல், பதினைந்தாம் நூற்றாண்டின் ஹுஸ்ஸைட் போர்களில் கையில் ஏந்திச் சுடும் சிறு பீரங்கிக்கு ஆகி, ஜெர்மன் வழியாகவும் பிரெஞ்சு வழியாகவும் ஐரோப்பா முழுதும் பரவியது என்பது அறிஞர் பலர் கொள்ளும் முடிவு. நாமோ எவரிடமும் கேட்காமலே துப்பாக்கியின் நீண்ட உறுப்பைக் குழல் என்றோம்; கண்ணன் கையில் இருப்பதும் குழல், சிப்பாய் கையில் இருப்பதும் குழல். ஒருவரையொருவர் அறியாத மூன்று நாட்டார் ஒரே உவமையை எடுத்தாண்டிருப்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

சொல் மட்டும் வந்து கருவி வராமல் இருந்திருந்தால் துப்பாக்கி தமிழில் வேர்விட்டிருக்காது. கருவி வந்தது, பாளையக்காரரின் வீரர் கையிலும் வேட்டைக்காரர் தோளிலும் அது ஏறியது, ஏறவே, அதன் ஒவ்வோர் உறுப்புக்கும் தொழிலுக்கும் வீட்டுச் சொற்கள் தாமாக வந்து அமைந்தன. அடுப்பில் தோசை வார்ப்பதற்குரிய ‘சுடு’ என்னும் வினையே குறி பார்த்து எய்வதற்கும் ஆயிற்று. நோய் தீர்ப்பதன் பெயராகிய மருந்து, உயிர் போக்குவதற்கும் ஆயிற்று. இந்துஸ்தானியிலும் ‘தாரு’ என்பது மருந்து, வெடிமருந்து இரண்டையும் குறிப்பதால், இது நமக்கு மட்டும் உரிய விபரீதம் அன்று. உப்புமாவுக்குரிய ரவை, பறவை வேட்டையில் சிறு ஈயமணிகளுக்குப் பெயராயிற்று.

இவை எல்லாவற்றிலும் என் மனத்தைக் கவர்ந்தது குதிரை. விசையை அழுத்தியதும் பாய்ந்து விழுந்து நெருப்பைப் பிறப்பிக்கும் உறுப்பை ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் சேவல் என்றார்கள்; பிரெஞ்சுக்காரர் நாய் என்றார்கள்; இந்துஸ்தானி பேசுவோர் ‘கோடா’ என்றார்கள்; நாம் அதையே தமிழாக்கிக் குதிரை என்றோம். வீணையின் நரம்புகளைத் தாங்கும் கட்டைக்கும் குதிரை என்றே பெயர் இருந்தபடியால் இந்தப் பிரயோகம் தமிழனின் செவிக்குப் புதிதாகவும் படவில்லை.

இனி ரிவால்வருக்கு வருவோம். இதன் பெயரில் குழல் இல்லை. திரும்பச் சுழலுதல் என்ற பொருளுடைய லத்தீன் வினையின் வழிவந்த சொல் இது. உறுப்பை விட்டு இயக்கத்தைப் பெயராக்கிக்கொண்ட ஆயுதம் இது. சாமுவேல் கோல்ட் என்ற அமெரிக்கச் சிறுவன், 1830இல், தன் பதினாறாம் பிராயத்தில், பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்ட ‘கார்வோ’ என்ற கப்பலில் மாலுமியாகச் சென்றபோது, கப்பற்சக்கரம் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதன் ஆரங்களில் ஒன்று பூட்டுக்கு நேரே வந்து நிற்பதைக் கண்டு, அந்த யுக்தியை மரத்தில் செதுக்கிப் பார்த்தான் என்று அவனே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறான். 1835இல் இங்கிலாந்திலும் 1836 பிப்ரவரி 25இல் அமெரிக்காவிலும் அவன் காப்புரிமை பெற்றான். இச்சொல்லும் அக்காலத்தில்தான் ஆங்கிலத்தில் வழக்குக்கு வந்தது.

அந்த யந்திரம் முதிர்ந்த வடிவம் 1851ஆம் ஆண்டின் ‘நேவி’ ரிவால்வர். ஆறு அறைகளைக் கொண்ட அதன் உருளையைச் சுற்றிலும், 1843 மே 16இல் நடந்த கம்பேச்சே கடற்போர் சித்திரமாகப் பொறிக்கப்பட்டிருக்கும். 1851இல் லண்டனில் நடந்த மகா கண்காட்சியில் கோல்ட்டின் கருவியும் ராபர்ட் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேயரின் கருவியும் போட்டியாக வைக்கப்பட்டன. பிரிட்டிஷ் ராணுவ உத்தியோகஸ்தர்கள் தம் ரிவால்வரைப் பெரும்பாலும் சொந்தப் பணத்திலேயே வாங்கவேண்டியிருந்தது. சர்க்கார் தரும் தோட்டா அதில் பொருந்தவேண்டும் என்பதே முக்கிய நிபந்தனை. 1887இல் பர்மிங்ஹாம் நகரத்து வெப்லி கம்பெனியின் மார்க் 1 ரிவால்வரை ராணுவம் ஏற்றுக்கொண்டது: குழலைக் கீல்மேல் மடக்கியதும் சுட்டுத் தீர்ந்த ஆறு கூடுகளும் ஒருசேர வெளியே வந்து விழும்.

அதே 1887இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையில் பிபின் சந்திர பால் எழுந்து ஆயுதச் சட்டத்தை எதிர்த்து முழங்கினார். கட்டபொம்மனுக்கும் மருது சகோதரர்களுக்கும் பின், 1801 டிசம்பரில், தென்பாளையங்களில் ஆயுதம் தரிப்பதைத் தடுத்துக் கவர்னர் கிளைவ் விளம்பரம் செய்தார்; 1878ஆம் ஆண்டுச் சட்டம் தேசம் முழுவதற்கும் லைசென்ஸை விதித்து, ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. ரிவால்வர் என்னும் சொல் தமிழில் ஏன் ரிவால்வராகவே நின்றுவிட்டது என்ற கேள்விக்கு என் விடை இந்த ஆண்டுகளில்தான் இருக்கிறது. துப்பாக்கி கையோடு வந்தது. ஆகவே உறுப்புக்கு உறுப்பு தமிழாயிற்று. ரிவால்வரோ துரையின் இடுப்பிலும், போலீஸ் அதிகாரியின் உறையிலும், பத்திரிகைச் செய்தியிலும், துப்பறியும் நாவலிலும் இருந்தது. நாம் அதைத் தொடவில்லை. தொடாத பொருளுக்கு நாவு பெயர் செய்வதில்லை. 1911 ஜூன் 17இல் மணியாச்சியில் வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்டது சுழலும் உருளை இல்லாத பிரவுனிங் பிஸ்டலால். ஆனால் கைத்துப்பாக்கி என்ற நம் பொதுப்பெயர் இரண்டையும் ஒன்றாகவே கட்டிவைக்கிறது. அகராதிகள் தரும் ‘சுழல் துப்பாக்கி’ பொருத்தமான சொல்தான். பேச்சில் அதை வழங்குவார் அரியர்.

சொல்லை விட்டுப் பொருளைப் பார்த்தால், இக்காலத்தில் பழைய ராணுவ ரிவால்வரைத் தேடி வாங்குவோர்க்கு முதல் கேள்வி அதன் வயது. அமெரிக்கச் சட்டம் 1898க்குள் செய்யப்பட்டதைத் தொல்பொருளாகக் கொள்கிறது. நம் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவோ, பழுது பார்த்தும் சுட இயலாத தொல்பொருளுக்கே விலக்கு அளிக்கிறது. இரண்டாம் கேள்வி, அதைப் பிறர் என்ன செய்துவைத்திருக்கிறார்கள் என்பது. அமெரிக்காவுக்குச் சென்ற வெப்லி மார்க் 6 பலவற்றின் உருளையைப் பின்புறம் சீவி, .45 தானியங்கிப் பிஸ்டலின் தோட்டா செல்லும்படி செய்திருக்கிறார்கள். அத்தோட்டாவின் முழு அழுத்தம் அந்தப் பழைய எஃகு தாங்குவதற்கு உரியது அன்று. ஆசையோடு வாங்கியவர் இதை அறியாமல் சுடுவது பெரும் அபாயம்.

மீண்டும் சொல்லுக்கு வருவோம். ‘நேவி’ ரிவால்வரைச் சுடும் முறையைத் தமிழில் சொல்லிப் பார்க்க ஒருநாள் முயன்றேன். குதிரையைப் பாதி இழுத்து நிறுத்தினால் உருளை தடையின்றிச் சுழலும். அறைக்கு அறை கருமருந்து இட்டு, அறைவாயைவிடச் சற்றே பருத்த ஈயக்குண்டை வைத்து, குழலின் அடியிலுள்ள நெம்புகோலால் கெட்டித்தால், ஈயம் மெல்லிய வளையமாகச் சீவுண்டு குண்டு இறுகும். ஓர் அறையின் நெருப்பு அடுத்த அறைக்குத் தாவாதபடி மேலே கொழுப்புப் பூசவேண்டும். பின்புறத்து முலைக்காம்புகளில், தீபாவளிப் பொட்டு வெடியின் இனமான செம்புக் குல்லாய்களை மாட்டவேண்டும். சுட்டு முடிந்ததும் வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவாவிடில், மருந்தின் கசடு ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்றுவிடும்.

குதிரை, மருந்து, குண்டு, குழல், கெட்டித்தல்: எல்லாம் நாட்டுத் துப்பாக்கிக்காரர் வைத்துவிட்டுப் போன சொற்கள். நான் தேடவேண்டியிருந்தது உருளை ஒன்றைத்தான். அதுவும் தமிழிலேயே கிடைத்தது.