பாட்டியின் பாதமும் பிளாஸ்டிக் இருக்கையும்: ஒரு சிறு வரலாறு



என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த ஒரு பெண் இப்போது இரண்டு வயதுக் குழந்தைக்குத் தாய். அவள் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். "டீச்சர், பாப்பாவுக்குக் கக்கா போகப் பழக்கணும். தரையில வைக்கிற குட்டி நாற்காலி வாங்கலாமா, கமோடு மேல மாட்டுற வளையம் வாங்கலாமா?" இந்தக் கேள்வி பலர் வீட்டிலும் இருக்கும். அதனால் பொதுவிலேயே எழுதுகிறேன். எதையும் பழங்காலத்திலிருந்து ஆரம்பிப்பதுதான் என் வழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த இருக்கை நேற்று வந்த பொருள் இல்லை. கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரில் அகோரா என்ற பழைய சந்தைத் திடலைத் தோண்டியபோது, சுட்ட மண்ணால் செய்த ஒரு குழந்தை இருக்கை கிடைத்தது. கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கீழே உருளை போன்ற தாங்கி, மேலே கிண்ணம் போன்ற உட்காரும் இடம், கால்களை முன்னால் நீட்ட ஒரு திறப்பு, அடியில் ஓட்டை. இது எதற்கு என்று சந்தேகம் வராமல் இருக்க, கி.மு. 5ஆம் நூற்றாண்டு கிரேக்கக் கோப்பை ஒன்றில் ஓவியமும் உண்டு. அது இன்று பெல்ஜியத்தின் புருசெல்ஸ் நகரில் இருக்கிறது. குழந்தை இருக்கைக்குள் உட்கார்ந்து கையை நீட்டுகிறது. எதிரே ஒரு பெண் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். 2,400 ஆண்டுகள் கழித்தும் நம் வீடுகளில் நடப்பது அதேதான். குழந்தை உட்கார்ந்திருக்கும், எதிரே ஒருவர் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.

பிறகு பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவில் ஓட்டை போட்ட மர நாற்காலியும் அதன் கீழே ஒரு பானையும்தான். வசதியான வீடுகளில் பெரியவர்களுக்கும் அதுவே. பானையை எடுத்துக் கொட்ட வேலையாட்கள் இருந்தார்கள். 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் வளைந்த குழாய் வைத்த கழிப்பறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். அந்த வளைவில் தேங்கும் தண்ணீர்தான் நாற்றத்தை மேலே வரவிடாமல் தடுக்கிறது. இன்று நம் வீட்டுக் கழிப்பறையிலும் அந்த வளைவு உண்டு.

நம் பக்கத்துக்கு வருவோம். 'கக்கூஸ்' என்ற சொல் தமிழில்லை. சோழமண்டலக் கரையில் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை கட்டி வாணிபம் செய்த டச்சுக்காரர்களின் 'காக்ஹவுஸ்' என்ற சொல்தான் நம் வாயில் கக்கூஸ் ஆனது. அதில் 'ஹவுஸ்' என்றால் வீடு. முதல் பாதிக்கு நான் பொருள் சொல்ல வேண்டியதில்லை!

சொல் கடல் கடந்து வந்தாலும் குழந்தையைப் பழக்கும் முறை நம்முடையதாகவே இருந்தது. ஆங்கிலத்தில் இந்த இருக்கைக்கு 'பாட்டி' என்று பெயர். நம் ஊரில் அந்த வேலையைச் செய்ததும் பாட்டிதான். காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் சற்று விலக்கி, பேரக்குழந்தையை அதன் மேல் உட்கார வைப்பார்கள். குழந்தையின் முதுகு பாட்டியின் காலில் சாய்ந்திருக்கும். "ஸ்ஸ்ஸ்" என்று வாயால் ஓசை கொடுப்பார்கள். நாளடைவில் அந்த ஓசை கேட்டதும் குழந்தை சிறுநீர் கழிக்கும். ஆசிரியர் பயிற்சியில் உளவியல் பாடத்தில் பாவ்லோவின் நாயும் மணியோசையும் படித்தபோது, இதை நம் வீட்டுக் கிழவிகள் என்றோ செய்துவிட்டார்களே என்று தோழிகளுடன் சிரித்திருக்கிறோம்.

இது தமிழர்களுக்கு மட்டும் உரியதும் இல்லை. கென்யாவின் டிகோ இன மக்களைப் பற்றி 1977இல் ஓர் ஆய்வு குழந்தை மருத்துவ இதழில் வந்தது. அங்கும் தாய் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால் மேல் வைத்து, ஓசை கொடுத்துப் பழக்குகிறாள். ஐந்தாறு மாதத்திலேயே குழந்தைகள் அதற்கேற்பக் கழிக்கப் பழகிவிடுகின்றன. சீனத்தில் குழந்தைகளுக்கு அடிப்பக்கம் திறந்த கால்சட்டை போட்டுவிடுவார்கள். ஆப்பிரிக்காவுக்கும் நம் கிராமத்துக்கும் தொடர்பே கிடையாது. ஆனாலும் தாய்மார்கள் கண்டுபிடித்தது ஒரே வழி.

மேற்கு நாடுகளில் இது மருத்துவர்கள் கைக்குப் போனது. 1894இல் அமெரிக்காவில் எம்மெட் ஹோல்ட் என்ற குழந்தை மருத்துவர் எழுதிய புத்தகம் பல பதிப்புகள் கண்டது. இரண்டாம் மாதத்திலேயே குழந்தையைப் பழக்கிவிடலாம், தினமும் ஒரே நேரத்தில் பானையில் பிடிக்க வேண்டும் என்றது அது. அதன் பின் வாட்சன் போன்ற உளவியலாளர்கள் வந்தார்கள். தாய் குழந்தையைக் கொஞ்சுவதையே குறைக்கச் சொன்னவர் அவர். எல்லாவற்றையும் கடிகாரம் பார்த்துச் செய்யும் காலம் அது. நம் பாட்டியும் சீக்கிரமே ஆரம்பித்தாள், அந்த மருத்துவரும் சீக்கிரமே ஆரம்பிக்கச் சொன்னார். ஆனால் பாட்டி குழந்தையின் முகத்தைப் பார்த்தாள், மருத்துவர் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். இது பெரிய வேறுபாடு.

கடிகார முறை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குக் கிழக்கு ஜெர்மனி ஓர் உதாரணம். அங்கே குழந்தைக் காப்பகங்களில் நீண்ட பெஞ்சு போன்ற இருக்கை இருந்தது. குழந்தைகள் எல்லாரும் வரிசையாக ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். எல்லாரும் முடிக்கும் வரை யாரும் எழக்கூடாது. 1999இல் கிறிஸ்டியன் ஃபைஃபர் என்ற குற்றவியல் அறிஞர், கிழக்குப் பகுதி இளைஞர்களிடம் காணப்பட்ட வெளிநாட்டவர் வெறுப்புக்கு இந்தக் கூட்டு வளர்ப்பு முறையும் ஒரு காரணம் என்று சொல்ல, ஜெர்மனியே இரண்டுபட்டு விவாதித்தது. அவர் சொன்னதை நான் அப்படியே ஏற்கவில்லை. ஒரு பானையின் மேல் அவ்வளவு பழியைப் போட முடியாது. ஆனாலும் இரண்டு வயதுக் குழந்தையின் உடம்பு மணியடித்தால் வேலை செய்யும் இயந்திரமல்ல என்பது மட்டும் உண்மை.

மாற்றம் 1946இல் டாக்டர் ஸ்பாக் எழுதிய புத்தகத்தோடு வலுப்பட்டது. அவசரப்படுத்தாதீர்கள் என்றார் அவர். 1962இல் பிராசல்டன் என்ற மருத்துவர், தாம் பார்த்த 1,170 குழந்தைகளின் விவரங்களைத் தொகுத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒன்றரை வயதுவாக்கில் குழந்தைக்கென்று ஒரு தனி நாற்காலி கொடுங்கள். முதலில் உடையோடு சும்மா உட்காரட்டும். பிறகு உடையில்லாமல் உட்காரட்டும். விருப்பமில்லையென்றால் நிறுத்திவிட்டுச் சில நாள் கழித்துத் தொடங்குங்கள். இதுதான் அவர் முறை. அந்தக் குழந்தைகள் பகலில் முழுமையாகப் பழகிய சராசரி வயது 28.5 மாதம். தரையில் வைக்கும் குட்டி நாற்காலி "என்னுடையது" என்று குழந்தை நினைக்கும், கால் தரையில் பதியும் என்பதால் அதையே அவர் விரும்பினார்.

அதே காலத்தில் வேறொன்றும் நடந்தது. 1961இல் பாம்பர்ஸ் டயப்பர் அமெரிக்காவின் பியோரியா நகரில் சோதனை விற்பனைக்கு வந்தது. துணி துவைக்கும் வேலை குறையக் குறைய, சீக்கிரம் பழக்க வேண்டும் என்ற அவசரமும் குறைந்தது. 1998இல் பெரிய பிள்ளைகளுக்கான அளவில் டயப்பர் வந்தபோது, அந்த விளம்பரத்தில் தோன்றியவரும் இதே பிராசல்டன்தான். அதற்கு அங்கேயே எதிர்ப்பும் எழுந்தது. 2013இல் ஐபேடு மாட்டி வைக்க வசதியுள்ள இருக்கை ஒன்று சந்தைக்கு வந்தது. குழந்தை நலனில் அக்கறையுள்ள ஓர் அமைப்பு அதற்கு அந்த ஆண்டின் மிக மோசமான பொம்மை என்று 'விருது' கொடுத்தது!

இனி, எதை வாங்குவது?

குந்தி உட்காரும்போது மலக்குடலைச் சுற்றியுள்ள தசை தளர்ந்து வழி நேராகிறது. கமோடு சுமார் 40 செ.மீ. உயரம். குழந்தையைப் பெரிய இருக்கையில் கால் தொங்க வைத்தால், விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் உடம்பை இறுக்கிக்கொள்ளும். இறுக்கினால் கழிக்க முடியாது. ஆகவே:

1. தொடக்கத்துக்குத் தரையில் வைக்கும் குட்டி நாற்காலி நல்லது. இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயரமாக இருந்தால் இன்னும் நல்லது.

2. கமோடு மேல் மாட்டும் வளையம் வாங்கினால், கால் வைக்க ஒரு முக்காலியும் கட்டாயம் வாங்குங்கள். முக்காலி இல்லாத வளையம் வேண்டாம். மாட்டியபின் கையால் அழுத்தி ஆட்டிப் பாருங்கள். நகர்ந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

3. கழற்றிக் கழுவ எளிதாக இருக்கட்டும். பாட்டு, விளக்கு, பொம்மை எதுவும் தேவையில்லை. ஆண் குழந்தைகளுக்கு முன்னால் வைத்திருக்கும் தடுப்பு கூர்மையாக இருந்தால் காயம் படும்.

4. வீட்டில் இந்தியக் கழிப்பறை இருந்தால் அதுவும் நல்லதே. ஆனால் அதன் அகலம் குழந்தைக்குப் பயம் தரும். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருங்கள்.

இன்னொன்று. குழந்தையின் மலம்தானே, ஒன்றும் செய்யாது என்று தெருவோரம் கொட்டுவதும் குப்பையில் போடுவதும் நம்மிடம் உண்டு. அதிலும் நோய்க்கிருமிகள் உண்டு. கழிப்பறையில் கொட்டி, சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். பானையை யாரோ சுமப்பார்கள் என்று வாழ்ந்த வரலாறு ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதல்ல. நம் நாட்டில் ஒரு பகுதி மக்களைத் தலைமுறை தலைமுறையாக அந்த வேலையிலேயே நிறுத்தி வைத்தோம். அதைத் தடை செய்ய 1993இல் ஒரு சட்டம், போதாமல் 2013இல் இன்னொரு சட்டம் வேண்டியிருந்தது. உங்கள் குழந்தையின் பானையை அப்பாவும் கழுவட்டும், அம்மாவும் கழுவட்டும். வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் தள்ளாதீர்கள். குழந்தை அதையும் பார்த்துத்தான் வளர்கிறது.

கடைசியாக, ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியையாகச் சொல்கிறேன். ஒன்றாம் வகுப்பில் ஆண்டுதோறும் இரண்டு மூன்று பிள்ளைகள் கேட்கப் பயந்து உடையிலேயே போய்விடுவார்கள். சிலர் காலையிலிருந்து மாலை வரை அடக்கிக்கொண்டே இருப்பார்கள். அவர்களில் பலர் வீட்டில் இதற்காக அடிவாங்கியவர்கள், அல்லது "சீ, அசிங்கம்" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள். அடக்கினால் மலம் இறுகும், இறுகினால் வலிக்கும், வலித்தால் குழந்தை மேலும் அடக்கும். இந்தச் சுழலை ஆரம்பித்துவிட்டால் நிறுத்துவது கடினம். உடையில் போய்விட்டால் திட்டாமல் மாற்றிவிடுங்கள். இருக்கையில் போனால் "சமத்து" என்று ஒரு சொல் போதும். "எனக்கு வருது" என்று கூச்சமில்லாமல் சொல்லத் தெரிந்த பிள்ளை பள்ளியிலும் நிம்மதியாக இருக்கும்.

இரண்டு வயதிலும் வரவில்லையே, பக்கத்து வீட்டுக் குழந்தை பழகிவிட்டதே என்று ஒப்பிடாதீர்கள். மலச்சிக்கல், வலி, இரத்தம் என்று எதுவும் இருந்தால் மட்டும் தாமதிக்காமல் குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எப்படிப் பழக்கினார்கள், என்ன ஓசை கொடுத்தார்கள் என்று கீழே எழுதுங்கள். ஊருக்கு ஊர் அது மாறும். தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

வாழ்க வளமுடன்.
உங்கள் டீச்சர்