ரஜினி வராத வவுனியா, லூயிஸ் இல்லாத மேடை

2017 மார்ச் 25ஆம் திகதி ரஜினிகாந்த் ஓர் அறிக்கை விட்டார். ஏப்ரலில் வவுனியாவுக்கு வந்து, போரால் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கென ஞானம் அறக்கட்டளை கட்டிய 150 வீடுகளைக் கையளிக்க ஒப்புக்கொண்டிருந்தவர், வரப்போவதில்லை என்றார். தமிழ்நாட்டு அரசியல் தலைவர்களான வைகோவும் திருமாவளவனும் வேல்முருகனும் போக வேண்டாம் என்று கேட்டிருந்தார்கள். அவர்கள் சொன்ன காரணங்களைத் தன்னால் முழுதாக ஏற்க முடியவில்லை, ஆனாலும் கேட்டுக்கொண்டதற்காக விலகுகிறேன் என்பது அறிக்கையின் சாரம். தான் அரசியல்வாதி அல்ல, கலைஞன் என்றும், இனி ஒருமுறை இலங்கைக்குப் புறப்பட்டால் அரசியலாக்கித் தடுக்காதீர்கள் என்றும் அதில் இருந்தது. (அதே ஆண்டு டிசம்பர் 31ஆம் திகதி அரசியலுக்கு வருவதாக அவரே அறிவித்தார் என்பது வேறு கதை.)

இதற்கு ஆறு ஆண்டுகள் முன்னர், அமெரிக்காவில் இன்னொரு மூத்த கலைஞர் தன் அறப்பணி மேடையிலிருந்து பிரிந்தார். நகைச்சுவை நடிகர் ஜெரி லூயிஸ். தசைச் சிதைவு நோய்க்கான சங்கத்துக்காக 1966 முதல் 2010 வரை, ஒவ்வொரு செப்டெம்பர் தொழிலாளர் தின விடுமுறையிலும் தொலைக்காட்சியில் இரவு பகலாக நின்று பணம் திரட்டியவர். நிதி ஏற ஏற முரசு அதிர, பலகையில் புதிய தொகை விழும். கழுத்துப்பட்டி அவிழ்ந்து தொங்க, குரல் கம்மிப்போன நிலையில் கடைசிப் பாட்டைப் பாடி முடிப்பார். திரண்ட தொகை 200 கோடி டொலரைத் தாண்டியது. 2011 மே மாதம், இந்த ஆண்டு ஒரேயொரு பாட்டோடு விடைபெறுவார் என்றார்கள். ஓகஸ்ட் 3ஆம் திகதி அதுவும் இல்லை, சங்கத்தின் தலைவர் பதவியும் இனி அவருக்கு இல்லை என்று சங்கமே அறிவித்தது. காரணத்தைச் சங்கமும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

லூயிஸை வெளியே அனுப்பியது அவர் வளர்த்த நிறுவனம். ரஜினியை மறித்தவர்களோ அறக்கட்டளைக்கும் வீடு பெறுவோருக்கும் சம்பந்தமில்லாத மூன்றாம் தரப்பினர். அவர்களிடம் காரணம் இல்லாமல் இல்லை. அறக்கட்டளை லைக்கா நிறுவனத்தைச் சேர்ந்தது. ரஜினி நடித்துக்கொண்டிருந்த '2.0' படத்தைத் தயாரித்ததும் அதே லைக்கா. 2014இல் லைக்கா தயாரித்த 'கத்தி' படம் வெளியானபோதே தமிழ்நாட்டில் அந்தப் பெயருக்கு எதிர்ப்பு கிளம்பியிருந்தது. 2017 மார்ச் 6ஆம் திகதி கடலில் இராமேசுவரத்து இளம் மீனவர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். மார்ச் 23ஆம் திகதி ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைப் பேரவையில், போர்க்காலப் பொறுப்புக்கூறலுக்கு இலங்கைக்கு மேலும் இரண்டு ஆண்டு அவகாசம் கிடைத்தது. இந்த நேரத்தில் ஒரு பெரிய நட்சத்திரம் வவுனியாவில் சிரித்தபடி நின்றால், இங்கே எல்லாம் நலம் என்று கொழும்பு காட்டிக்கொள்ளும் என்று அவர்கள் பயந்தார்கள். அந்தப் பயத்தை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். படத்தையும் தருமத்தையும் ஒரே நிறுவனம் நடத்தும்போது, எது எதற்கு விளம்பரம் என்ற கேள்வி வரத்தான் செய்யும்.

ஆனால் அந்தப் பயம் யாருடைய பெயரில் பேசப்பட்டதோ, அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. என் குறை அங்கேதான்.

லூயிஸின் கதையில், தருமம் பெற்றவர்களே வாய் திறந்தார்கள். அவர் அந்த நோயாளிகளை எப்போதும் 'ஜெரியின் பிள்ளைகள்' என்றே அழைத்து வந்தார். 1990இல், தனக்கு அந்த நோய் இருந்தால் எப்படியிருக்கும் என்று கற்பனை செய்து ஒரு கட்டுரை எழுதினார். சக்கர நாற்காலியில் வாழ்வது அரை மனிதனாக வாழ்வது என்ற தொனி அதில் இருந்தது. சிறுவயதில் இதே சங்கத்தின் நிதிச் சுவரொட்டியில் முகம் காட்டிய மைக் ஏர்வின், வளர்ந்து சிக்காகோவில் தன் சகோதரியோடு சேர்ந்து 'ஜெரியின் அனாதைகள்' என்ற பெயரில் எதிர்ப்பைத் தொடங்கினார். எங்களுக்கு இரக்கம் வேண்டாம். சரிவுப்பாதையும் வேலையும் உரிமையும் வேண்டும் என்பதே அவர்கள் வாதம். லூயிஸ் அடங்கவில்லை. பரிதாபம் வேண்டாம் என்றால் வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்ற பொருளில் 2001இல் தொலைக்காட்சியிலேயே சொன்னார். 2009 பெப்ரவரியில் அவருக்கு ஆஸ்கார் மனிதநேய விருது கொடுத்தபோதும் மாற்றுத்திறனாளிகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதே மேடையில், அதே இரவில் ஏ. ஆர். ரஹ்மான் தமிழில் பேசினார். உலகத் தமிழர் மகிழ்ந்த அந்த இரவில் வன்னி மக்கள் தறப்பாளைச் சுருட்டிக்கொண்டு கடலோரமாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். மூன்று மாதத்தில் முள்ளிவாய்க்கால், போரின் முடிவு.

இனி வன்னிப் பக்கம். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியிலும், 24ஆம் திகதி வவுனியாவிலும், மார்ச் 8ஆம் திகதி முல்லைத்தீவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தெருவோரம் குந்திவிட்டார்கள். மே 2009இல் முள்ளிவாய்க்காலைத் தாண்டி வந்து, இராணுவத்தின் கையில் பிள்ளையை ஒப்படைத்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். மடியில் பிள்ளையின் படம். கேப்பாப்புலவில் காணி கேட்டு இராணுவ வேலிக்கு முன்னால் இன்னொரு கூட்டம். ரஜினி வவுனியாவுக்குப் போவதா வேண்டாமா என்று சென்னையில் நடந்த அத்தனை விவாதத்திலும் இந்தத் தாய்மார் ஒரு வரிகூடப் பெறவில்லை. அவர் வருவதை விரும்பிய நிறுவனமும் அவர்களைக் கேட்கவில்லை, வரக்கூடாது என்ற தலைவர்களும் கேட்கவில்லை. யாழ்ப்பாணம் நல்லூரில் சிலர் பதாகை பிடித்து, தமிழ்நாட்டு அரசியல்வாதிகள் மறித்தது பிழை என்றார்கள். அதை வைத்து வடக்கே ரஜினிக்காக எழுந்தது என்று சொல்லவும் முடியாது.

லூயிஸ் போன ஆண்டில் பணம் குறையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2010இல் 21 மணி நேரத்துக்கும் மேல் ஓடிய நிகழ்ச்சி 2011இல் ஆறு மணி நேரமாகச் சுருங்கியது. ஆனால் சேர்ந்தது 6 கோடியே 15 இலட்சம் டொலர், முந்தைய ஆண்டைவிடக் கூட. பிறகு நிகழ்ச்சி மூன்று மணி நேரமாகி, இரண்டாகி, 2015இல் நிறுத்தப்பட்டது. லூயிஸ் 2016இல் சங்கத்துக்காக ஒரு காணொளியில் மீண்டும் பேசினார். 2017 ஓகஸ்டில் 91 வயதில் இறந்தார். சங்கம் இன்றும் இயங்குகிறது.

வவுனியா வீடுகளுக்கும் ரஜினியின் வருகை ஒரு கல் கூட்டியிராது. கட்டி முடித்த வீடுகள் அவை. வன்னியில் வீட்டுத்திட்டம் என்றால் என்ன என்று தெரிந்தவருக்கு, முடித்துக் கொடுத்த வீட்டின் அருமை தெரியும். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய் கிடைத்தது. மிச்சத்துக்குக் கடன்பட்டு, கடனோடு குடிபுகுந்தவர்கள் ஏராளம். ஆகவே லைக்காவின் வீடுகளை நான் குறைத்துப் பேச மாட்டேன். வீட்டைக் கொடுப்பதற்கு விழா எதற்கு, நட்சத்திரம் எதற்கு என்று மட்டும் கேட்கிறேன். திறப்பை வாங்கும் அம்மாவை மேடையில் நிறுத்திப் படம் எடுப்பதும், நோயுற்ற பிள்ளையைத் தொலைக்காட்சியில் தூக்கிக் காட்டுவதும் ஒரே வழக்கத்தின் இரண்டு கிளைகள்.

வேறு வழி இல்லாமலும் இல்லை. ஒவ்வொரு மே மாதமும் வடக்கு கிழக்கில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சுகிறார்கள். அரிசி, தண்ணீர், கொஞ்சம் உப்பு. ஊரார் கொண்டுவந்த அரிசியில் தெருவோரத்தில் காய்ச்சி, போவோர் வருவோருக்குச் சிரட்டையில் ஊற்றிக் கொடுப்பார்கள். அதற்கு முகம் தேவைப்பட்டதில்லை. 2024 மே மாதம் சம்பூரில் அந்தக் கஞ்சிக்காகப் பெண்களைக் கைது செய்தபோதும், ஒரு நட்சத்திரத்தின் பெயரால் அல்ல, அடுப்பு மூட்டியவர்களின் பெயரால்தான் செய்தி வந்தது.

லூயிஸை விலக்கியதில் நியாயம் இருந்தது என்பேன். அந்த நியாயத்தை இருபது ஆண்டுகள் கத்திச் சொன்னவர்கள் நோயுள்ளவர்களே. ரஜினியைத் தடுத்ததிலும் நியாயம் இருந்திருக்கலாம். அதைச் சொல்லும் உரிமை முதலில் சென்னைக்கு அல்ல, வவுனியா வீதியோரத்துக்கு இருந்தது. அடுத்த முறை ஒரு நட்சத்திரம் வன்னிக்குப் புறப்பட்டால், அழைப்பவர்களும் மறிப்பவர்களும் முதலில் அந்தத் தாய்மாரிடம் போய்க் கேளுங்கள்.