கடலோரக் கான்கிரீட்டில் உப்பரிப்பு (விழிஞ்ஞம்)

கடல்நீரிலும் கடற்காற்றிலும் உள்ள குளோரைடு கான்கிரீட்டுக்குள் இறங்கி, உள்ளே கிடக்கும் கம்பியைத் துருவேற்றுவதே உப்பரிப்பு. பனி விழும் நாடுகளில் சாலையில் தூவும் உப்பு பாலங்களுக்குச் செய்யும் கேடும் இதுதான். திருவனந்தபுரத்துக்குத் தெற்கே விழிஞ்ஞத்தில் உப்பை யாரும் தூவ வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவத்தில் அலைத்தடுப்பில் மோதிச் சிதறும் நீரே அதைக் கொண்டுவந்து சேர்க்கிறது.

சென்னை ஐ.ஐ.டி. வடிவமைத்த 150 கிலோவாட் அலை மின்நிலையத்தின் கான்கிரீட் பேழை இங்கே 1990 இறுதியில் கடலில் அமர்த்தப்பட்டது. 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட சரக்குத் துறைமுகத்தின் கப்பல் மேடையும் கடலில் இறக்கிய தூண்கள்மேல்தான் நிற்கிறது.

நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை (பி.ஹெச். 12.5-க்கு மேல்) கம்பியின்மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கும். குளோரைடு அதை அங்கங்கே துளைக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் கான்கிரீட் உள்ளிருந்தே வெடித்துப் பெயர்கிறது. எப்போதும் நீருக்குள் இருக்கும் பகுதிதான் முதலில் கெடும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அங்கே உயிர்வளி குறைவு, துரு மெதுவாகவே ஏறும். நனைந்தும் காய்ந்தும் கிடக்கும் இடத்துக்குத்தான் ஆபத்து அதிகம். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நெறி ஐ.எஸ். 456:2000 அலையேற்ற இறக்கப் பகுதியைக் கடைசி, மிகக் கடுமையான பிரிவில் வைத்து, குறைந்தது எம்-40 தரக் கான்கிரீட்டையும், கம்பியை மூடும் கான்கிரீட் கனம் (கவர்) 75 மில்லிமீட்டரையும் கேட்கிறது. கலவைக்குள்ளேயே இருக்கும் குளோரைடு கன மீட்டருக்கு 0.6 கிலோவைத் தாண்டக் கூடாது. சரியாகக் கழுவாத கடல் மணல் இந்த வரம்பை எளிதில் மீறிவிடும்.

கோவாவில் மாண்டவி ஆற்றுப் பாலம், திறந்து 20 ஆண்டுகூட ஆகாத நிலையில், 1986 ஜூலை 5 அன்று இடிந்தது. முன்னிறுக்கக் கம்பிகளின் அரிப்பே காரணமாகச் சொல்லப்படுகிறது.

தீர்வுகளும் ஏமாற்றியதுண்டு. சாலை உப்புக்கு எதிராக அமெரிக்கா 1970-களில் கொண்டுவந்த எபாக்சி பூசிய கம்பி, புளோரிடாத் தீவுப் பாலங்களில் சில ஆண்டுகளிலேயே துருவேறியது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் கம்பிக்குச் சிமெண்ட் சார்ந்த பூச்சுகளை உருவாக்கியது. 2025-இல் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டிருக்கிறார்கள். பெயர்ந்த இடத்தை மட்டும் கொத்திப் பூசுவது பெரும்பாலும் வீண் செலவு: பூச்சின் ஓரத்தில், உப்பு ஏறிய பழைய கான்கிரீட்டுக்குள் அரிப்பு மறுபடி தொடங்கும்.