மாசடைந்த தொழிற்சாலை நிலங்களில் வீடுகள்: லவ் கால்வாயும் வெஸ்ட் கலுமெட்டும்

தொழிற்சாலை மூடப்பட்டாலும் அது விட்டுச்சென்ற ஈயம், ஆர்செனிக், பென்சீன் போன்ற நச்சுப்பொருள்கள் மண்ணில் பல பத்தாண்டுகள் தங்கியிருக்கும். இத்தகைய நிலத்துக்கு விலை குறைவு. எனவே வசதி குறைந்தோருக்கு வீடு கட்டித் தரும் திட்டங்கள் இந்நிலங்களை நாடுவது இயல்பு. முறையாகத் தூய்மை செய்தபின் கட்டினால், பாழ்நிலம் மீண்டும் ஊருக்குப் பயன்படும். தூய்மை செய்யாமல் கட்டினால், அங்குக் குடியேறுவோரின் உடல்நலம் கெடும். அமெரிக்காவின் இரண்டு குடியிருப்புகளின் வரலாறு இதனை விளக்குகிறது.

லவ் கால்வாய்

நியூயார்க் மாநிலத்தின் நயாகரா ஃபால்சு நகரில், 1890களில் வில்லியம் லவ் என்பவர் மின்னுற்பத்திக்காகக் கால்வாய் ஒன்றை வெட்டத் தொடங்கினார். திட்டம் பாதியில் நின்றது. பள்ளம் மட்டும் எஞ்சியது. 1942 முதல் 1953 வரை ஹூக்கர் வேதிப்பொருள் நிறுவனம் அப்பள்ளத்தில் ஏறத்தாழ 21,000 டன் கழிவைக் கொட்டி மண்ணால் மூடியது. 1953இல் அந்நிலத்தை நகரப் பள்ளி வாரியத்துக்கு ஒரு டாலர் விலைக்கு விற்றது. நிலத்தில் வேதிக்கழிவு புதைந்திருப்பதும், அதனால் வரும் தீங்குக்கு நிறுவனம் பொறுப்பாகாது என்பதும் விற்பனைப் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தன.

அந்நிலத்தில் பள்ளிக்கூடம் எழுந்தது. அதைச் சுற்றி வீடுகள் பெருகின. பத்திரத்தில் இருந்த எச்சரிக்கை, அவ்வீடுகளை வாங்கியவர்களைச் சென்றடையவில்லை. 1970களின் நடுவில் பெய்த கனமழையாலும் பனியாலும் நிலத்தடி நீர் உயர்ந்து, வேதிப்பொருள்கள் வீடுகளின் நிலவறைகளுக்குள் கசிந்தன. 1978 ஆகத்து 2 அன்று மாநில நலவாழ்வு ஆணையர் நெருக்கடி நிலையை அறிவித்து, கருவுற்ற பெண்களும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் வெளியேற வேண்டும் என்றார். ஐந்து நாள்களில் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டரும் கூட்டரசின் நெருக்கடி நிலையை அறிவித்தார். அங்கு வாழ்ந்த இல்லத்தரசி லாயிசு கிப்சு வீட்டு உரிமையாளர் சங்கத்துக்குத் தலைமை ஏற்றுப் போராடினார். கால்வாயை ஒட்டியிருந்த வீடுகளை அரசு முதலில் விலைக்கு வாங்கியது. 1980இல் இரண்டாவது அறிவிப்புக்குப் பின் மேலும் பல குடும்பங்கள் வெளியேறின.

கால்வாய்க்கு அருகில் கிரிஃபன் மேனர் என்ற அரசுக் குடியிருப்பும் இருந்தது. அங்குக் குறைந்த வாடகைக்கு வாழ்ந்தோரில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். வீட்டு உரிமையாளருக்கு வீட்டின் விலை கிடைத்தது. வாடகைக்கு இருந்தவரிடம் விற்பதற்கு ஒன்றும் இல்லை. எனவே அவர்கள் தனிச் சங்கம் அமைத்துத் தம் கோரிக்கைகளை எழுப்ப வேண்டியிருந்தது.

இரண்டு சட்டங்கள்

லவ் கால்வாயின் விளைவாக 1980 திசம்பரில் 'சூப்பர்ஃபண்ட்' என்று அறியப்படும் சட்டம் வந்தது. மாசுபடுத்தியவரே தூய்மைச் செலவை ஏற்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. பொறுப்பாளரைக் கண்டுபிடிக்க முடியாத இடங்களுக்காக, எண்ணெய், வேதிப்பொருள் தொழில்கள்மீது வரி விதித்து ஒரு நிதியமும் ஏற்படுத்தப்பட்டது. அவ்வரிக்கான அனுமதி 1995இல் முடிந்தது. வேதிப்பொருள்கள்மீதான வரி 2021ஆம் ஆண்டுச் சட்டத்தால் மீண்டும் கொண்டுவரப்பட்டது.

எதிர்பாராத விளைவு ஒன்றும் ஏற்பட்டது. நிலத்தைப் பின்னர் வாங்குபவரும் தூய்மைக்குப் பொறுப்பாளி ஆகலாம் என்பதால், பழைய ஆலை நிலங்களை வாங்கவும் அவற்றுக்குக் கடன் தரவும் பலர் அஞ்சினர். நகரின் நடுவே நிலங்கள் கேட்பாரற்றுக் கிடந்தன. இவ்வாறான நிலங்களைப் 'பிரவுன்ஃபீல்டு' என்பர். அமெரிக்காவில் இவை 4,50,000க்கும் மேல் இருக்கும் என்பது சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீடு. 2002ஆம் ஆண்டுச் சட்டம், வாங்குமுன் நிலத்தின் வரலாற்றை முறையாக ஆராய்ந்தவருக்குப் பாதுகாப்பு அளித்தது. மண்ணைச் சோதிக்கவும் தூய்மை செய்யவும் மானியம் வழங்கியது. குறைந்த வருவாய்க் குடியிருப்புகளைக் கட்டுவோருக்கும் இது வழி திறந்தது.

தூய்மை என்பது எது?

முதலில் பழைய வரைபடங்கள், ஆலைப் பதிவேடுகள் ஆகியவற்றைக் கொண்டு நிலத்தின் வரலாறு ஆராயப்படுகிறது. பின்னர் மண்ணும் நிலத்தடி நீரும் சோதிக்கப்படுகின்றன. அதன்பின் இரண்டு வழிகள் உள்ளன. மாசடைந்த மண்ணைத் தோண்டி அகற்றி நல்ல மண்ணை நிரப்புவது ஒன்று. நஞ்சை அங்கேயே விட்டு, மேலே களிமண்ணால் மூடி, கசியும் நீரைச் சேகரித்துச் சுத்திகரிப்பது மற்றொன்று. இரண்டாவது முறையில் செலவு குறையலாம். ஆனால் கண்காணிப்பு முடிவதே இல்லை.

லவ் கால்வாயில் இரண்டாவது முறையே கையாளப்பட்டது. கழிவு இன்றும் வேலிக்குள், களிமண் மூடியின் கீழ் இருக்கிறது. 1990 முதல் அப்பகுதியின் சில வீடுகள் பழுதுபார்க்கப்பட்டுச் சந்தை விலையைவிடக் குறைவாக விற்கப்பட்டன. 2004இல் அவ்விடம் சூப்பர்ஃபண்ட் முன்னுரிமைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

வெஸ்ட் கலுமெட்

இந்தியானா மாநிலத்தின் கிழக்குச் சிகாகோ நகரில், ஈய ஆலைகள் இயங்கிய நிலத்தின்மேல் 1972இல் வெஸ்ட் கலுமெட் என்ற அரசுக் குடியிருப்பு திறக்கப்பட்டது. அதில் 346 வீடுகள் இருந்தன. அருகிலிருந்த மற்றோர் ஈய உருக்காலை 1985 வரை இயங்கியது. 2009இல் இப்பகுதி சூப்பர்ஃபண்ட் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மாசடைந்த மண்ணை இரண்டு அடி ஆழம் வரை அகற்றும் திட்டம் 2012இல் முடிவானது. ஆனால் பணி நடந்தேறுமுன் ஆண்டுகள் ஓடின. குடியிருப்பு மண்ணில் ஈயத்துக்கு அப்போது வைக்கப்பட்டிருந்த அளவுகோல் பத்து இலட்சத்தில் 400 பங்கு. இங்குப் பல இடங்களில் ஈயம் அதைவிடப் பன்மடங்கு மிகுந்திருந்தது.

தங்கள் முற்றத்து மண்ணின் நிலையை அங்கு வாழ்ந்தோரில் பலர் 2016இல்தான் அறிந்தனர். அவ்வாண்டு குடியிருப்பை இடிக்கப் போவதாகவும் அனைவரும் வெளியேற வேண்டும் என்றும் நகராட்சி அறிவித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். அவர்களில் பாதிக்கு மேல் சிறுவர்கள். மண்ணில் விளையாடிய கையை வாயில் வைப்பது சிறு குழந்தைகளின் இயல்பு. உடலில் சேரும் ஈயம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். குழந்தைகளுக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று எதுவும் இல்லை. அரசு வாடகை உதவிச் சீட்டு வழங்கியது. ஆனால் அதை ஏற்கும் வீட்டைத் தேடும் சுமை அக்குடும்பங்களையே சார்ந்தது. பின்னர் குடியிருப்பு இடிக்கப்பட்டது.

வரலாறு காட்டுவது

இரண்டு இடங்களிலும் நஞ்சு இருப்பது எழுத்தில் பதிவாகியிருந்தது. ஒன்றில் அது விற்பனைப் பத்திரத்தில் இருந்தது. மற்றதில் அரசுக் கோப்புகளில் இருந்தது. அந்நிலத்தில் உறங்கி எழுந்தவர்களுக்கு மட்டும் அது உரிய காலத்தில் தெரிவிக்கப்படவில்லை. மண்ணை அகற்றும் தொழில்நுட்பம் இன்று வளர்ந்திருக்கிறது. ஆனால் சோதனை முடிவு குடியிருப்போரின் கைக்குச் சேராதவரை அந்தத் தூய்மைப்பணி முழுமை பெறுவதில்லை. குறைந்த வாடகைக்கு வருபவருக்கு வேறிடம் தேடும் வசதி குறைவு. ஆகவே மண்ணின் வரலாற்றை வீட்டுச் சாவியோடு சேர்த்து அவரிடம் தருவது, வீடு கட்டுவோரின் முதற்கடமை ஆகிறது.