மீன்சுருட்டியிலிருந்து நாகூர் வரை: வழியில் தேடிச் சாப்பிட வேண்டிய நம் ஊர் உணவுகள்

அரியலூர் மாவட்டத்து மீன்சுருட்டி சிறிய ஊர்தான். ஆனால் சென்னையிலிருந்து பண்ருட்டி, சேத்தியாத்தோப்பு வழியாகக் கும்பகோணம், தஞ்சாவூர் செல்பவர்களும், திருச்சியிலிருந்து ஜெயங்கொண்டம் வழியாகச் சிதம்பரம் செல்பவர்களும் இதைக் கடந்தே போகிறார்கள். பள்ளி விடுமுறையில் நம் குடும்பங்கள் நிறைய இந்த வழியில் வருகின்றன. கங்கைகொண்ட சோழபுரத்தைப் பார்த்துவிட்டு, பசியோடு வண்டியைக் கிளப்பி, முதலில் கண்ணில் படும் பிரியாணி போர்டின் முன் நிறுத்துகிறார்கள். சென்னையில் சாப்பிட்ட அதே பிரியாணி, அதே கிரில் சிக்கன்.

இங்கிருந்து கிழக்கேயும் தெற்கேயும் சில மணி நேரப் பயணத்தில் பல தலைமுறைகளாக நம் சமுதாயம் வாழும் ஊர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிச் சமையல் உண்டு. அதில் பாதி கடைக்கே வருவதில்லை. எதை எங்கே தேடுவது, சாப்பிடும் முன் எதைக் கவனிப்பது என்பதற்காக இந்தக் கட்டுரை.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

பயணத்தில் இருப்பவர்கள் போன் செய்து என்னிடம் அதிகம் கேட்பது, "ஹஜ்ரத், ஹலால்னு போர்டு இருக்கு, சாப்பிடலாமா?" என்பதுதான். போர்டு ஒரு தகவல், அவ்வளவே. கடைக்காரரிடம் "ஹலாலா?" என்று கேட்டால் "ஆமாம்" என்றுதான் பதில் வரும். "கறி எங்கே வாங்குறீங்க, யார் அறுக்கிறாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். முறையாக வாங்குபவர் கறிக்கடையின் பெயரை உடனே சொல்வார். இப்படிக் கேட்பதில் வெட்கப்பட எதுவுமில்லை. மாற்று மத வியாபாரிகள்கூட இதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. நம் ஊர்களின் அசைவக் கடைகள் பலவற்றில் முஸ்லிம் ஒருவரை வைத்தே அறுக்கிறார்கள்.

முஸ்லிம் கடை என்று உறுதியாகத் தெரிந்த பிறகும் துருவித் துருவி விசாரிப்பது வேறு விஷயம். புதிதாக இஸ்லாத்தைத் தழுவியவர்கள் கொண்டுவந்த இறைச்சியில் பிஸ்மில்லாஹ் சொல்லப்பட்டதா எனத் தெரியவில்லை என்று கேட்கப்பட்டபோது, நீங்கள் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிச் சாப்பிடுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதிலளித்ததை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரியில் உள்ள செய்தி இது. பேணுதல் வேண்டும். அது வஸ்வாஸாக மாறிவிடக் கூடாது.

மீன்சுருட்டிக்குத் தெற்கே அணைக்கரை. கொள்ளிடத்தின் குறுக்கே 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை இங்கேதான் இருக்கிறது. ஆற்றோரக் கடைகளின் வறுத்த மீன் பெயர் பெற்றது. மீனுக்கு அறுப்பு இல்லை, யார் பிடித்தாலும் ஹலால். (தானாகச் செத்து நீரில் மிதந்த மீனை மட்டும் ஹனஃபி மத்ஹபில் விலக்குகிறார்கள்.) இங்கே மீனைவிட எண்ணெயைத்தான் கவனிக்க வேண்டும். எப்படி அறுத்தது என்று தெரியாத கோழியைப் பொரித்த அதே சட்டியில் மீனையும் போட்டால், மீன் ஹலாலாக இருந்தும் பயனில்லை. மீன் மட்டுமே பொரிக்கும் கடையாகப் பாருங்கள், அல்லது தோசைக்கல்லில் தனியாக வறுத்துத் தரச் சொல்லுங்கள். தாராளமாகச் செய்து தருகிறார்கள்.

கிழக்குச் சாலை: லால்பேட்டை, பரங்கிப்பேட்டை

காட்டுமன்னார்கோயிலைத் தாண்டினால் வீராணம் ஏரிக்கரையில் லால்பேட்டை. ஒன்றரை நூற்றாண்டைக் கடந்த மன்பவுல் அன்வார் அரபுக் கல்லூரியால் ஆலிம்கள் மத்தியில் அறியப்பட்ட ஊர் இது. ஏரி மீன்தான் இந்தப் பக்கத்தின் சிறப்பு. கெண்டையும் விராலும் கிடைக்கும் நாளில் புளிக்குழம்பாகச் சாப்பிட வேண்டும், வறுவலாக அல்ல. இது என் கருத்து. வெற்றிலைக் கொடிக்காலுக்கும் பெயர் பெற்ற பகுதி என்பதால் சாப்பாட்டுக்குப் பின் ஒரு கவுளி வாங்கிக்கொள்ளலாம்.

நம் ஊர்கள் எல்லாவற்றிலும் அஸர் தொழுகைக்குப் பிறகு கடைத்தெருவைப் பாருங்கள். மெல்லிய பட்டியில் வெங்காயமோ கொத்துக்கறியோ வைத்து முக்கோணமாக மடித்த சமோசா அப்போதுதான் எண்ணெயிலிருந்து இறங்கும். பாரசீகத்திலிருந்து வந்த பெயர் இது. 14ஆம் நூற்றாண்டில் இப்னு பதூதா டில்லி சுல்தானின் விருந்தில் இதைச் சாப்பிட்டதை எழுதி வைத்திருக்கிறார். சிரியா, லெபனான் நாடுகளிலிருந்து தென் அமெரிக்காவின் அர்ஜென்டினாவில் குடியேறியவர்கள் இதே முக்கோண மடிப்பை அங்கே கொண்டுபோனார்கள். அந்நாட்டுத் தெருக்கடைகளில் இன்றும் அதை 'அரபு எம்பனாடா' என்று எலுமிச்சையோடு தருகிறார்கள்.

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில் பரங்கிப்பேட்டை. இங்கிருந்து தெற்கே நாகூர் வரை கடலோரச் சமையல்தான். உள்நாட்டிலிருந்து வரும் நம் குடும்பங்களுக்கு இங்கே ஒரு சிக்கல் வருகிறது. கடற்கரை முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹபினர். அவர்களிடம் இறால், நண்டு, கணவாய் எல்லாம் தயக்கமில்லாத உணவு. அரியலூர், பெரம்பலூர் பக்கம் பெரும்பாலும் ஹனஃபி. ஹனஃபி மத்ஹபில் கடல்வாழ் உயிரினங்களில் மீன் மட்டுமே ஆகுமானது. நண்டும் கணவாயும் அதில் சேரா. இறால் மீன் இனமா என்பதில் ஹனஃபி ஆலிம்களிடையே இரண்டு கருத்துகள் உண்டு. மீன் வகை என்று கருதியோர் அனுமதித்தார்கள், மற்றோர் தவிர்ப்பதே நல்லது என்றார்கள். நம் பகுதியில் பலரும் முதல் கருத்தின்படி இறால் சாப்பிட்டு வருகிறார்கள்.

சம்பந்தி வீட்டில் நண்டுக் குழம்பு வைத்திருக்கும்போது "இது மக்ரூஹ்" என்று விரிப்பில் உட்கார்ந்துகொண்டு சொல்பவர்கள் உண்டு. சமைத்த பெண்ணின் முகம் வாடிவிடுகிறது. காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் உடும்பு இறைச்சியைச் சாப்பிட்ட சபையில் நபி (ஸல்) அவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். இது ஹராமா என்று கேட்டதற்கு, இல்லை, தம் மக்களின் ஊரில் இல்லாததால் மனம் ஒப்பவில்லை என்றார்கள். காலித் (ரலி) அவர்கள் அவர்கள் முன்னிலையிலேயே சாப்பிட்டு முடித்தார்கள். உங்களுக்கு ஆகாததை எடுக்காமல் பக்கத்துப் பாத்திரத்தைத் தொடுங்கள். பிள்ளைகளுக்கும் இதைக் கிளம்பும்போதே சொல்லி வைத்தால் நல்லது.

தெற்குச் சாலை: கும்பகோணம் முதல் நாகூர் வரை

கும்பகோணத்தில் இறைச்சியைப் பற்றி யோசிக்க வேண்டாம். இட்லி, தோசையோடு கடப்பா கேளுங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காயும் சேர்ந்த, தஞ்சை வட்டாரத்துக்கே உரிய சைவக் குழம்பு. எல்லாக் கடையிலும் எல்லா நாளும் கிடைக்காது, விசாரித்துப் போக வேண்டும்.

திருவாரூர் - மன்னார்குடி சாலையில் உள்ள கூத்தாநல்லூரிலும் நாகூரிலும் தேட வேண்டிய இனிப்பு தம்ரூட். ரவை, முட்டை, சர்க்கரை, பால், நெய் சேர்த்துக் கிளறி, தட்டில் கொட்டி, மேலும் கீழும் தணல் வைத்துத் 'தம்' போடுவார்கள். இன்று பெரும்பாலும் அவன்தான். மேல்பக்கம் செம்பழுப்பாக, லேசாக வெடித்திருக்க வேண்டும், உள்ளே ரவை கரகரப்புத் தெரிய வேண்டும். கேக் போல மெத்தென்று இருந்தால் மைதா கலந்திருக்கிறது என்று பொருள்.

நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் பக்கத்தின் தனி அடையாளம் வாடா. வடை அல்ல, வாடா. வெளியூர்க்காரர் "வடை குடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். உளுந்தோ கடலைப்பருப்போ இதில் முக்கியமில்லை. அரிசி மாவில் வெங்காயம், தேங்காய், சோம்பு சேர்த்துப் பிசைந்து, வட்டமாகத் தட்டி, மேலே இறாலைப் பதித்துப் பொரிப்பது. ஓரம் மொறுமொறுப்பாகவும் நடு மெதுவாகவும் இருக்கும். ரமளானில் நோன்புக் கஞ்சிக்கு இதுதான் துணை. மற்ற மாதங்களில் மாலையில் கிடைக்கும், மஃக்ரிபுக்குப் பிறகு போனால் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். கொழும்பு காலிமுகத்திடலில் விற்கும் இறால் வடையைச் சாப்பிட்டவர்கள் இரண்டும் ஒன்று என்பார்கள். அது பருப்பு மாவு, இது அரிசி மாவு. இறாலைத் தவிர்ப்பவர்கள் இறால் வைக்காமல் சுட்டுத் தரச் சொல்லலாம்.

பரோட்டாவைப் பற்றித் தனியாக எழுதத் தேவையில்லை. ஆனால் கடலோர ஊர்களில் முர்தபா என்று பலகை தெரிந்தால் நிறுத்துங்கள். வீசிய மாவுக்குள் முட்டையும் கொத்துக்கறியும் வைத்து மடித்துச் சுடுவது. 'மடிக்கப்பட்டது' என்ற பொருளுள்ள 'முதப்பக்' என்ற அரபுச் சொல்தான் இப்படித் திரிந்தது. சிங்கப்பூர் சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே 1908 முதல் இயங்கும் ஸம்ஸம் உணவகம் இதற்கே பெயர் போனது. கப்பலேறிப் போன நம்மவர்கள் திரும்பி வரும்போது அந்தச் சுவையையும் கொண்டுவந்தார்கள்.

காரைக்காலில் ஒன்றைக் கவனியுங்கள். அது புதுச்சேரி ஆட்சிப்பகுதி. உணவகத்தோடு பாரும் சேர்ந்தே இருக்கும் இடங்கள் அதிகம். மது பரிமாறப்படும் விரிப்பில் அமர்வதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். உள்ளே போய்க் குடும்பத்தோடு உட்கார்ந்த பிறகு எழுந்து வருவது சங்கடம். வாசலிலேயே கேட்டுவிடுங்கள்.

கடையில் கிடைக்காதவை

நம் சமையலின் சிறந்த பகுதி வீட்டு அடுப்பில்தான் இருக்கிறது. வட்டலப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டை, தேங்காய்ப்பால், வெல்லம் அல்லது சர்க்கரை, ஏலக்காய் கலந்து ஆவியில் வேகவைப்பது. இலங்கையில் குடியேறிய மலாய் மக்களின் வழியாகப் பரவியது என்பார்கள். அங்கே கித்துல் கருப்பட்டி சேர்ப்பார்கள், பெருநாளன்று இது இல்லாத முஸ்லிம் வீடு அரிது. இடியப்பத்தோடு சாப்பிட்டுப் பாருங்கள். இன்னும் தெற்கே கீழக்கரையில் தொதல். அரிசி மாவையும் தேங்காய்ப்பாலையும் கருப்பட்டியையும் பல மணி நேரம் கை விடாமல் கிண்ட வேண்டும். மலாய்த் தீவுகளின் 'டொடோல்'தான் இங்கே தொதல் ஆனது. காயல்பட்டினத்தின் களறிக் கறியும் நெய்ச்சோறும் கல்யாண வீட்டில் சஹனைச் சுற்றிச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது. ஓட்டலில் தட்டில் வைத்துத் தந்தால் அது வேறு உணவாகிவிடுகிறது.

இவற்றைச் செய்யத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் ஐம்பது, அறுபது வயதைக் கடந்த பெண்கள். பிள்ளைகள் வெளிநாட்டில். பெருநாளுக்கே கேக் ஆர்டர் செய்யும் வீடுகள் பெருகிவிட்டன. கேட்பவர் இல்லாவிட்டால் கிண்டுபவரும் இல்லை. அதே சமயம், கணவரை இழந்த பெண்கள் பலர் இந்தக் கைப்பக்குவத்தை வைத்தே ஆர்டர் எடுத்துக் கண்ணியமாகக் குடும்பம் நடத்துகிறார்கள். பெரிய ஓட்டலில் நாம் பேரம் பேசாமல் கொடுக்கும் தொகை இவர்கள் வீட்டில் பல நாள் செலவு.

எப்படிக் கண்டுபிடிப்பது? அந்த ஊரில் உறவினர் இருந்தால் எளிது. இல்லையென்றால் ஜமாஅத் அலுவலகத்திலோ பள்ளிவாசல் மோதினாரிடமோ, "வீட்டில் பலகாரம் செய்து தருகிறவர்கள் யாராவது இருக்கிறார்களா?" என்று கேளுங்கள். உங்கள் வீட்டுப் பெண்களைப் பேச விடுங்கள். "லாத்தா, பத்துப் பேருக்கு வட்டலப்பம் வேணும்" என்று அவர்கள் போனில் சொன்னால் தயக்கமின்றிப் பேசுவார்கள். குறைந்தது இரண்டு நாள் முன்பே சொல்லி, பாதிப் பணத்தை அனுப்பிவிட வேண்டும். ஆர்டர் கொடுத்துவிட்டு வழியை மாற்றிக்கொண்டு போகாதவர்கள் சிலரே என்று இவர்கள் வருத்தப்படுவதைக் கேட்டிருக்கிறேன். முட்டையும் தேங்காயும் கடனுக்கு வாங்கியிருப்பார்கள்.

பிள்ளைகள் கேட்கும் ஷவர்மா

பயணத்தில் பிள்ளைகள் இதைத்தான் கேட்கிறார்கள். குர்ஆன் உணவைப் பற்றிச் சொல்லும்போது ஹலால் என்பதோடு தய்யிப், அதாவது நல்லது, தூய்மையானது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. 2022இல் கேரளத்தின் செறுவத்தூரிலும் 2023இல் நாமக்கல்லிலும் ஷவர்மா சாப்பிட்ட பிறகு நோயுற்றுச் சிறுமியர் இறந்தார்கள். வெளிப்பக்கம் கருகி உள்ளே வேகாத கறி, இரவு மிஞ்சியதை மறுநாள் சேர்ப்பது, பச்சை முட்டை மயோனைஸ் வெயிலில் கிடப்பது ஆகியவைதான் ஆபத்து. 2025 ஏப்ரலில் தமிழக அரசு பச்சை முட்டை மயோனைஸை ஓராண்டுக்குத் தடை செய்தது இதனால்தான். கடை முஸ்லிமுடையது, கறி ஹலால் என்பதால் இந்த ஆபத்து நீங்கிவிடாது. கண் முன்னே கொதிக்கும் எண்ணெயில் வேகும் வாடா இதைவிடப் பலமடங்கு பாதுகாப்பானது.

வீட்டுக்கு எடுத்துப் போவதானால், தொதலும் தம்ரூட்டும் ஈரம் படாமல் வைத்தால் சில நாள் தாங்கும். வட்டலப்பம் அன்றே தீர வேண்டும். கோடையில் மதியத்துக்கு மேல் காரில் வைக்காதீர்கள். வாடாவைப் பொட்டலம் கட்டாதீர்கள், ஆவியில் நமத்துப்போகும். கடை வாசலில் நின்றே சாப்பிட்டுவிடுங்கள்.