உயிர் மரமும் எழுத்தும்

யூத மறைஞான மரபாகிய கபாலாவின் 'உயிர் மரம்' இன்று பத்து வட்டங்களும் அவற்றை இணைக்கும் 22 கோடுகளும் கொண்ட படமாக நமக்கு அறிமுகமாகிறது. அதன் மூலமோ எழுத்திலும் எண்ணிலும் உள்ளது. 'செஃபர் யெட்சிரா' என்னும் பழைய எபிரேய நூல், பத்துச் செஃபிரோத்தும் 22 எழுத்துகளுமாகிய 32 வழிகளால் இறைவன் உலகைப் படைத்தான் என்கிறது. அந்நூலில் செஃபிரோத் என்பன எண்களே. இடைக்காலக் கபாலியர் அவற்றை முடிவிலா இறைவனின் பத்து வெளிப்பாடுகளாக விரித்தனர். 13ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் தோன்றிய 'சோஹர்' அக்கருத்தை வளர்த்தது. உச்சியில் மணிமுடி, அடியில் அரசு என அவை நிரல்பட்டன.

1492இல் ஸ்பெயின் யூதரை நாடுகடத்தியது. அடுத்த நூற்றாண்டில், கலிலேயாவின் சஃபேத் நகரில் ஐசக் லூரியா (1534–1572) புதிய விளக்கம் தந்தார்: இறையொளியைத் தாங்கமாட்டாமல் செஃபிரோத்தின் கலங்கள் சில உடைந்தன, சிதறிய பொறிகளை மீட்டு உலகைச் சீர்செய்தல் மனிதரின் கடன். இவ்விளக்கத்தில் நாடிழந்தோரின் துயரைக் கண்டார் ஆய்வறிஞர் கெர்ஷோம் ஷோலெம். பின்வந்த மோஷே இடேல் அதனை ஏற்கவில்லை.

எவர் முடிவைக் கொள்ளினும், இம்மரத்தை ஒரே காலத்தில் வரைந்த ஓவியமாகக் கருதலாகாது. எண்ணையும் எழுத்தையும் முதலாகக் கொண்டு, தலைமுறைதோறும் புதுப்பொருள் ஏற்ற வரலாறாகவே அதனை நாம் பயிலல் வேண்டும்.