தெற்கே தெரிந்த துருவ ஒளி

நியூ ஜெர்சி மாநிலத்தில் மாரிஸ்டவுன் நகரை அடுத்த ஸ்பீட்வெல் இரும்பாலையில், 1838ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், சாமுவேல் மோர்ஸும் ஆல்ஃபிரட் வெயிலும் இரண்டு மைல் நீளக் கம்பியின் வழியே செய்தி அனுப்பிக் காட்டியபோது, அக்கம்பியில் ஓடவேண்டிய சக்தி மனிதன் செய்துவைத்த மின்கலங்களிலிருந்து அன்றி வேறெங்கிருந்தும் வரக்கூடும் என்று எண்ண ஒருவருக்கும் காரணம் இருந்ததில்லை. இருபத்தோர் ஆண்டுகள் கழிந்து, 1859 செப்டம்பர் 2ஆம் தேதி காலையில், பாஸ்டனிலும் போர்ட்லண்டிலும் இருந்த தந்தி ஊழியர்கள் தத்தம் மின்கலங்களைக் கழற்றி வைத்துவிட்டு, முந்தைய இரவில் துருவ ஒளியால் வானத்தைச் சிவக்கச் செய்த அதே காந்தப்புயல் கம்பியில் எழுப்பிய மின்னோட்டத்தைக் கொண்டே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் சம்பாஷித்தார்கள். அமெரிக்காவின் விஞ்ஞான சரித்திரத்தில் இதைவிட என் மனத்தைக் கவர்ந்த நிகழ்ச்சி வேறில்லை.

அலாஸ்காவிலும் வட கனடாவிலும் நார்வேயிலும் வாழ்வோருக்குத் துருவ ஒளி பழகிய காட்சி. தெற்கே இருப்பவர்களுக்கோ அது ஆயுளில் ஒரு முறை நேர்ந்தாலும் பெரிது. அந்த 1859இல் ஆகஸ்டு 28ஆம் தேதி இரவு டெக்ஸாஸ் கடற்கரையில் உள்ள கால்வெஸ்டனில் வடவானம் சிவந்தது. சில நாட்களுக்குப் பின் எழுந்த இரண்டாவது புயலின்போது ஸான் ஃபிரான்ஸிஸ்கோ மக்களும் அவ்வொளியைக் கண்டார்கள். தொலைவில் ஏதோ ஊர் தீப்பற்றி எரிகிறது என்று மருண்டவர்களும், உற்பாதம் என்று அஞ்சியவர்களும் பல ஊர்களில் இருந்தனர். ஆயினும் இந்த அபூர்வமே அறிவுக்கு வாயிலாயிற்று. சிறிது காலம் பிரின்ஸ்டனிலும் கற்பித்த பேராசிரியர் எலியாஸ் லூமிஸ், பல தேசங்களிலிருந்தும் வந்த நேர்காட்சிக் குறிப்புகளைப் பொறுமையோடு திரட்டி வெளியிட்டு, துருவத்தைச் சூழ்ந்த ஒரு வளையப் பிரதேசத்திலேயே இவ்வொளி மிகுதியாகத் தோன்றுகிறது என்பதைப் படம் வரைந்து காட்டினார். கால்வெஸ்டனில் எவரோ ஒருவர் நேரத்தைக் குறித்துவைக்காதிருந்தால் அந்தப் பெருமுயற்சி அந்த அளவுக்குக் குறைப்பட்டுப் போயிருக்கும்.

இவ்வொளிக்குக் காரணம் சூரியனில் இருக்கிறது. செப்டம்பர் 1ஆம் தேதி முற்பகலில் இங்கிலாந்தில் வானியலறிஞர் ரிச்சர்ட் காரிங்டன் சூரியகளங்கங்களின்மீது திடீரென ஒரு வெண்சுடர் எழுந்ததைக் கண்டார். பதினெட்டு மணி நேரத்திற்குள் பூமியின் காந்தமண்டலம் அதிர்ந்தது. நம் பம்பாயின் கொலாபா ஆய்வுக்கூடமும் அவ்வதிர்ச்சியைப் பதிவு செய்தது. ஆனால் சூரியனுக்கும் பூமிக்கும் இடையே இதைச் சுமந்து வருவது எது என்பது தெளிவாக ஒரு நூற்றாண்டு ஆயிற்று. சூரியனிலிருந்து மின்னூட்டமுள்ள துகள்கள் ஓயாத காற்றாக வீசிக்கொண்டே இருக்கின்றன என்று விஞ்ஞானி யூஜீன் பார்க்கர் ஓர் ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு எழுதிய கட்டுரையை மதிப்பீட்டாளர் இருவர் நிராகரித்தபோது, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவரும் அப்போது அப்பத்திரிகையின் ஆசிரியராயிருந்தவருமான சுப்பிரமணியன் சந்திரசேகர், அக்கொள்கையில் தமக்கே நம்பிக்கை பிறக்காவிடினும், கணிதத்தில் பிழை காணாமையால் 1958இல் அதைப் பிரசுரித்தார். 1962இல் மரினர் 2 விண்கலம் அக்காற்றை நேரில் அளந்தது. தமிழர் ஒருவரின் நேர்மை இவ்வரலாற்றில் இவ்விடத்தில் நிற்பதை நினைக்கையில் எனக்கு உண்மையாகவே பெருமிதம் உண்டாகிறது.

அதன்பின் விண்வெளி ஆராய்ச்சி வேகம் பிடித்தது. ஹூஸ்டனில் ரைஸ் பல்கலைக்கழகம் 1963இல் விண்வெளி விஞ்ஞானத்திற்கென்றே ஒரு துறையைத் தொடங்கிற்று. 2007இல் ஏவப்பட்ட தெமிஸ் என்னும் ஐந்து செயற்கைக்கோள்களை பெர்க்லியிலிருந்து இயக்கியவர்கள், பூமியின் இரவுப் பக்கத்தில், சந்திரனுக்குச் செல்லும் தூரத்தில் மூன்றில் ஒரு பங்களவில், நீண்டு இழுபட்ட காந்தக்கோடுகள் அறுந்து மீண்டும் இணைவதையும், அச்சக்தியால் துருவ ஒளி திடீரெனப் பொங்குவதையும் கண்டறிந்தார்கள். அவ்வாறு உந்தப்பட்ட எலக்ட்ரான்கள் வாயுமண்டலத்தில் மோதுகையில், ஏறத்தாழ 100 முதல் 150 கிலோமீட்டர் உயரத்தில் பிராணவாயு பச்சையாகவும், 200 கிலோமீட்டருக்கு மேல் சிவப்பாகவும் ஒளிர்கிறது. டெக்ஸாஸிலிருந்து நோக்குபவருக்குப் பச்சையான கீழ்ப்பகுதியைப் பூமியின் வளைவு மறைத்துவிட, மேலே உயர்ந்து நிற்கும் செந்நிறம் மட்டுமே தொடுவானத்தில் தெரியும். தீ என்று அன்று மக்கள் மயங்கியதன் காரணம் அதுவே. பூகாந்தத்தின் வடமுனை கனடாப் பக்கமாகச் சாய்ந்திருப்பதால், ஒரே அட்சரேகையில் இருந்தாலும் மாட்ரிட் நகரத்தாரைக் காட்டிலும் நியூ ஜெர்சிவாசிகளுக்கு இப்பேறு அதிகம். காந்த மத்தியரேகைக்கு அருகிலுள்ள நம் திருநெல்வேலிச் சீமைக்கு அது கிட்டுவதில்லை.

இவ்வொளிக்குத் துணையாக வரும் மின்னோட்டம் இன்று தந்திக்கம்பிகளை விட்டு மின்சார விநியோகக் கம்பிகளில் புகுகிறது. 1989 மார்ச் 13ஆம் தேதி கியூபெக் மாகாணம் முழுவதும் ஒன்பது மணி நேரம் இருளில் ஆழ்ந்தது. நியூ ஜெர்சியின் சேலம் அணுமின் நிலையத்தில் பெரிய மின்மாற்றி ஒன்று பழுதுபட்டது. 2024 மே மாதத்திலும் அக்டோபரிலும் எழுந்த பெரும்புயல்களில் அமெரிக்கத் தென்பகுதிகளிலும் வானம் மீண்டும் சிவந்தபோது, கண்ணுக்கு மங்கலான சாம்பல் திரையாய்த் தெரிந்ததைச் சில விநாடிகள் ஒளியைச் சேர்த்துக்கொள்ளும் கைப்பேசிக் கேமராக்கள் செம்மையாகக் காட்டின. ஆகவே அடுத்த முறை காந்தப்புயல் எச்சரிக்கை கேட்டால், ஃப்ரீமாண்டிலோ எடிசனிலோ ஆஸ்டினிலோ உள்ள நம்மவர்கள் நகரவிளக்குகளை விட்டு விலகி, வடக்குத் தொடுவானம் மறைவின்றித் தெரியும் இடமாகப் பார்த்து நிற்பார்களாக. கண்டவர்கள் நேரத்தையும் திசையையும் நிறத்தையும் குறித்துவைப்பார்களாக.